நேயர் யார்? பொது ஒலிபரப்பும் அதன் பழைய நேயர்களும்

வானொலியைக் கேட்பவரை நாம் 'கேட்பவர்' என்று அழைப்பதில்லை; 'நேயர்' என்கிறோம். நேயம் என்றால் அன்பு. 'அன்பார்ந்த நேயர்களே' என்ற அழைப்போடு தொடங்கிய நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் நம் மாணவர்களின் வீடுகளில் தாத்தாவாக, பாட்டியாக இருக்கிறது. நேயர் நிலையத்தின் மீது வைத்த அன்பு நமக்குத் தெரியும். நிலையம் நேயர் மீது வைக்க வேண்டிய அன்பு என்ன? அதை எப்படி அளப்பது?

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் 'ஊடகமும் ஜனநாயகமும்' பாடத்தை நடத்தும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழுவதுண்டு. ஊடக வகைகளைக் கரும்பலகையில் எழுதி, அச்சு ஊடகம், ஒலிபரப்பு ஊடகம் என்று பட்டியலிட்டு ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம். ஆனால் ஓர் ஊடகத்தின் தலைமை எடுக்கும் முடிவு சாதாரண மக்களின் அன்றாட வாழ்வை எப்படித் தொடுகிறது, அந்த முடிவில் மக்களுக்கு என்ன பங்கு என்பதைச் சொன்னால்தான் தலைப்பில் உள்ள 'ஜனநாயகம்' என்ற சொல் மாணவருக்குப் புரியும். அதற்கு உதவும் மூன்று உண்மை நிகழ்வுகளை இக்கட்டுரையில் விளக்குகிறேன். ஒன்று நம் நாட்டில் 1952இல் நடந்தது. இரண்டாவது பிரிட்டனில் 2010இல் நடந்தது. மூன்றாவது 2017இல் தமிழ் நேயர்களை நேரடியாகத் தொட்டது.

அரசு, தனியார், பொது: மூன்றும் ஒன்றல்ல

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மாணவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் 'அரசு ஊடகம்', 'பொது ஊடகம்' இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள்.

தனியார் ஊடகத்தின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. எந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் கிடைக்கிறதோ அது நிலைக்கும், கிடைக்காதது நிற்கும். அரசு ஊடகம் அரசுத் துறைகளில் ஒன்றுபோல இயங்கும். பொது ஊடகம் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. மக்களின் பணத்தில் நடக்கும். ஆனால் அன்றாட முடிவுகளில் அரசின் கட்டளைக்கோ விளம்பரதாரரின் விருப்பத்துக்கோ கட்டுப்படாமல் சட்டத்தின் வழியே இயங்க வேண்டும். விளம்பரதாரர் கண்டுகொள்ளாத மக்களுக்கும் அது பணி செய்ய வேண்டும். கடலோர மீனவர், மலைக்கிராமத்து மக்கள், பார்வையற்றவர், முதியவர், சிறுபான்மை மொழி பேசுவோர் எல்லோரும் அதன் நேயர்களே.

பிரிட்டனின் பிபிசி 1922இல் தொடங்கி, 1927 முதல் அரச சாசனத்தின் கீழ் பொது நிறுவனமாக இயங்கி வருகிறது. தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் ஆண்டுதோறும் செலுத்தும் உரிமக் கட்டணம்தான் அதன் முக்கிய வருமானம். இந்தியாவில் 1936இல் 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் வந்தது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1980களில்தான் அது முழுவதும் நீங்கியது. நீண்டகாலம் அரசின் ஒரு துறையாகவே இருந்த வானொலியும் தூர்தர்ஷனும், 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தபோது ஒரு தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தன. நிதிக்கு அவ்வமைப்பு இன்றும் பெரிதும் அரசையே நம்பியிருக்கிறது என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே 1995இல் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை தொடர்பான வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. காற்றில் பரவும் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று அது சொன்னது. குளம், ஏரி, சாலைபோல அலைவரிசையும் எல்லோருக்கும் உரியது. ஊர் ஏரியின் மதகை மாற்றுவதென்றால் பாசனம் செய்பவரைக் கேட்காமல் மாற்ற முடியுமா? இந்த ஒப்பீட்டை வகுப்பில் சொன்னால் நம் கிராமத்து மாணவர்களுக்கு உடனே விளங்குகிறது.

அகில இந்திய வானொலியின் குறிக்கோள் வாசகம் 'பஹுஜன ஹிதாய, பஹுஜன சுகாய'. பலரின் நன்மைக்காக, பலரின் மகிழ்ச்சிக்காக என்று பொருள். நன்மையும் மகிழ்ச்சியும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. எது நன்மை என்று யார் முடிவு செய்வது? முதல் நிகழ்வு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

1952: வானொலியில் பாட்டு நின்றது

1952இல் பி.வி. கேஸ்கர் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். படித்தவர், இந்துஸ்தானி இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மன்னர்களும் ஜமீன்தார்களும் இசைக் கலைஞர்களைப் பேணிய காலம் முடிந்துவிட்டது, இனி அந்தப் பொறுப்பு வானொலிக்கு உரியது என்று நம்பினார். அதற்காக அவர் செய்தவை குறைவல்ல. செவ்வியல் இசைக்கான தேசிய நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது. ரவிசங்கர் போன்றவர்களைக் கொண்டு வானொலிக்கென ஒரு வாத்திய இசைக்குழு அமைந்தது. கர்நாடக இசைக் கலைஞர்களும் வானொலியால் நாடெங்கும் அறிமுகமானார்கள். இன்று நாம் பொக்கிஷமாகக் கருதும் பல இசைப்பதிவுகள் வானொலிக் காப்பகத்தில் இருப்பதற்கு அக்காலக் கொள்கையும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கொள்கைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று அமைச்சர் கருதினார். வானொலியில் திரைப்பாடலுக்கான நேரம் குறைக்கப்பட்டது. எந்தப் பாடலை ஒலிபரப்பலாம் என்று சலித்தெடுக்கும் முறை வந்தது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று அதைச் சொல்வதும் நிறுத்தப்பட்டது. திரைப்படத் தயாரிப்பாளர்கள் இதை ஏற்கவில்லை. தங்கள் பாடல்களை ஒலிபரப்ப அளித்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களுக்குள் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமலே போனது. அந்த இடத்தை நிரப்ப வானொலி தானே மெல்லிசைப் பாடல்களை உருவாக்கியது.

நேயர் என்ன செய்தார்? மனு எழுதவில்லை, ஊர்வலம் போகவில்லை. வானொலிப் பெட்டியின் திருகைக் கொஞ்சம் திருப்பினார்.

கொழும்பிலிருந்து வந்த குரல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்காக இலங்கையில் ஒரு வானொலி அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அதன் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. சிற்றலை என்பது வான்வெளியின் அயனி மண்டலத்தில் பட்டு எதிரொளித்து நெடுந்தொலைவு செல்லக்கூடியது. எனவே கொழும்பில் பேசினால் காஷ்மீரிலும் கேட்டது. (அறிவியல் ஆசிரியர்கள் வளிமண்டல அடுக்குகளை நடத்தும்போது இந்தச் செய்தியைப் பயன்படுத்தலாம்.)

1952 டிசம்பரில் ரேடியோ சிலோன் 'பினாகா கீத் மாலா' என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொகுத்து வழங்கியவர் அமீன் சயானி. வாரந்தோறும் அந்த நேரத்தில் வட இந்திய நகரங்களின் கடைவீதிகளில் வானொலிப் பெட்டிகளைச் சுற்றி மக்கள் கூடினார்கள். தெற்கே தமிழ்ச் சேவையில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழ்நாடு மயங்கியது. பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் நம் ஊர்களில் வீட்டுப் பெயர்கள் ஆனார்கள். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்' போன்ற நிகழ்ச்சிகளின் பெயரைச் சொன்னாலே அறுபது வயதைக் கடந்தவர் முகம் மலர்வதைக் காணலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தங்கள் நாட்டு வானொலி தராத தங்கள் நாட்டுப் பாடல்களை மக்கள் அண்டை நாட்டு வானொலியில் கேட்டார்கள். பாட்டோடு விளம்பரமும் கேட்டார்கள். அந்த விளம்பர வருமானம் அண்டை நாட்டு நிலையத்துக்குப் போனது. எது நன்மை என்று தில்லியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஆனால் நேயரிடம் யாரும் கேட்கவில்லை. செவ்வியல் இசையைத் தர வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஒன்றைத் தருவதற்காக மற்றொன்றைப் பறித்ததில்தான் பிழை இருந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து நிலைமை மாறியது. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலி 'விவித் பாரதி' என்ற புதிய சேவையைத் தொடங்கியது. இந்திக் கவிஞர் நரேந்திர சர்மா அதை வடிவமைத்தவர்களுள் முக்கியமானவர். திரைப்பாடலும் இலகுவான நிகழ்ச்சிகளும் மீண்டும் வந்தன. 1967 நவம்பரில் பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில் விளம்பரங்களும் தொடங்கிப் பின்னர் மற்ற நகரங்களுக்கும் பரவின. தமிழ்நாட்டில் விவித பாரதி வர்த்தக ஒலிபரப்பு தனக்கென ஒரு பெரிய நேயர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் ஒருமுறை வேறு அலைவரிசைக்குப் போய்ப் பழகிய காது எளிதில் திரும்பவில்லை. ரேடியோ சிலோன் பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன காலத்திலும் தமிழ்நாட்டில் அதன் செல்வாக்கு நீடித்தது. அமீன் சயானியின் நிகழ்ச்சி விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது 1989இல்தான். ஒரு முடிவை மாற்ற ஐந்தாண்டுகள். அதன் விளைவிலிருந்து மீள ஒரு தலைமுறை.

நம்பிக்கை விதையான கதை

அதே வானொலி மக்களோடு நெருங்கி நின்றபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு காவிரிப் பாசனப் பகுதி உழவர்களிடையே புகழ்பெற்றது. ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றி, விதை நேர்த்தி முதல் அறுவடை வரை, வானொலி தொடர்ந்து பேசியது. தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஓர் உழவர் தன் ஒரு போக வருமானத்தை ஒரு குரலை நம்பிப் பணயம் வைக்கிறார் என்றால், அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. தினமும் அதே நேரத்தில், அதே அலைவரிசையில், தன் பேச்சுத் தமிழில் பேசிய குரல் அது. பழைய நேயர் என்பவர் ஒரு நிலையத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. புயல் எச்சரிக்கையோ நோய்த்தடுப்புச் செய்தியோ சொல்ல வேண்டிய நாளில் இந்த நம்பிக்கைதான் உதவும். அந்த நாள் வந்த பிறகு அதை உருவாக்க முடியாது.

2010: லண்டனில் ஒரு மறுபரிசீலனை

இரண்டாவது நிகழ்வு பிபிசியில் நடந்தது. 2002இல் பிபிசி '6 மியூசிக்' என்ற டிஜிட்டல் வானொலியைத் தொடங்கியிருந்தது. தனியார் நிலையங்கள் அதிகம் தொடாத இசைக்கும், பிபிசி காப்பகத்தில் உள்ள பழைய பதிவுகளுக்கும் அதில் இடம் இருந்தது. 2010 மார்ச்சில் பிபிசியின் தலைமை இயக்குநர் மார்க் தாம்ப்சன் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பிபிசி அளவுக்கு மீறிப் பரந்துவிட்டது; குறைந்த சேவைகளில் அதிகத் தரம் வேண்டும். எனவே 6 மியூசிக்கையும், பிரிட்டன்வாழ் தெற்காசியருக்கான ஏசியன் நெட்வொர்க்கையும் மூடலாம் என்று அத்திட்டம் பரிந்துரைத்தது.

எண்களை மட்டும் பார்த்தால் நிர்வாகத்தின் வாதம் வலுவானதுதான். அப்போது 6 மியூசிக்கை வாரத்துக்கு ஏறத்தாழ 7 இலட்சம் பேர் கேட்டார்கள். பிரிட்டனின் பெரிய நிலையங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்.

ஆனால் இந்தியாவில் 1952இல் இல்லாத ஒன்று அங்கே அப்போது இருந்தது. நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் நடுவே, உரிமக் கட்டணம் செலுத்துவோரின் சார்பில் 'பிபிசி டிரஸ்ட்' என்ற அறங்காவலர் குழு இருந்தது. மூடும் முடிவை நிர்வாகம் தானே எடுத்துவிட முடியாது. அந்தக் குழு மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். கேட்டது. ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். இசைக் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். பிபிசி தலைமை அலுவலகத்தின் முன் நேயர்கள் கூடினார்கள். மூடப்போகிறார்கள் என்ற செய்தியாலேயே பலர் அந்த நிலையத்தைத் தேடிக் கேட்கத் தொடங்க, வார நேயர் எண்ணிக்கை 10 இலட்சத்தைத் தாண்டியது. ஜூலையில் அறங்காவலர் குழு 6 மியூசிக்கை மூடும் திட்டத்தை நிராகரித்தது. ஏசியன் நெட்வொர்க்கை மூடும் திட்டமும் அடுத்த ஆண்டு கைவிடப்பட்டது. ஆனால் அதன் செலவு குறைக்கப்பட்டது. பின்னாளில் 6 மியூசிக்கின் வார நேயர் எண்ணிக்கை 25 இலட்சத்தைக் கடந்தது.

மக்கள் கத்தினால் நிர்வாகம் பணிந்துவிடும் என்பது இதன் பாடம் அல்ல. கேட்கும் முறை ஒன்று விதியிலேயே எழுதப்பட்டிருந்ததால், நிர்வாகமும் நேயரும் தத்தம் காரணங்களைப் பொதுவெளியில் வைக்க வேண்டியிருந்தது. நிர்வாகத்தின் கணக்கில் இல்லாத ஒன்று அப்போது வெளிப்பட்டது. கேட்டுப் பிடிக்காமல் விட்டவர்களை விட, அப்படி ஒரு நிலையம் இருப்பதே தெரியாதவர்கள்தாம் மிகுதி. அந்த அறங்காவலர் குழுவும் 2017இல் கலைக்கப்பட்டு வேறு ஏற்பாடு வந்துவிட்டது. அமைப்புகள் மாறலாம்; கேட்கும் கடமை மாறக்கூடாது.

2017: தமிழோசை ஓய்ந்த நாள்

மூன்றாவது நிகழ்வு சற்றுச் சிக்கலானது. அதில் வில்லன் யாரும் இல்லை.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று, போர்க் காலத்தில், தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் எழுத்தாளர் சோ. சிவபாதசுந்தரம். சிற்றலை வழியே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது கேட்கப்பட்டது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் பதுங்குகுழிக்கு அருகிலும் அகதி முகாமிலும் செய்தி அறிய அதை நம்பியவர்கள் ஏராளம். மின்சாரம் இல்லாத இடத்தில் இரண்டு பேட்டரியும் ஒரு சிறு பெட்டியும் போதும் என்பதே சிற்றலையின் பெருமை.

76 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசை வானொலி நிறைவடைந்தது. பிபிசி தமிழ் இணையத்திலும் சமூக ஊடகத்திலும் காணொளியிலும் தொடர்கிறது. இந்தி ஒலிபரப்பின் சிற்றலைச் சேவையும் 2020 ஜனவரியோடு நின்றது. காரணம் புரியாததல்ல. சிற்றலை ஒலிபரப்பிகளை இயக்கும் செலவு பெரிது. சிற்றலைப் பெட்டிகள் கடைகளிலிருந்தே மறைந்துவிட்டன. இளையோர் கைப்பேசிக்குப் போய்விட்டனர். நிர்வாகத்தின் இடத்தில் நாம் இருந்தாலும் இதே முடிவை எடுத்திருக்கலாம்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நாற்பது ஆண்டுகள் அதே நேரத்தில் பெட்டியைத் திறந்த முதியவரிடம் 'இணையத்தில் பாருங்கள்' என்று சொன்னால் அது அவருக்குக் கதவைத் திறப்பதா, மூடுவதா? நம் நாட்டிலும் இதே மாற்றம் நடந்துவருகிறது. அகில இந்திய வானொலி சிற்றலையையும் மத்திய அலையையும் குறைத்துக்கொண்டு பண்பலைக்கும் செயலிக்கும் நகர்கிறது. பண்பலையில் ஒலி துல்லியம். ஆனால் அது எட்டும் தொலைவு குறைவு. துல்லியம் யாருக்குக் கிடைக்கிறது, தொலைவு யாருக்கு இழப்பாகிறது என்று பார்த்தால் இருவரும் பெரும்பாலும் ஒருவரல்லர்.

மாற்றத்தைச் சரியாகச் செய்த எடுத்துக்காட்டும் உண்டு. தூர்தர்ஷன் 2004இல் தொடங்கிய இலவச டிடிஎச் சேவையில் மாதச் சந்தா கிடையாது. பெட்டியும் குடைத் தட்டும் ஒருமுறை வாங்கினால் போதும். பழைய கூரை ஆன்டெனாவை நம்பியிருந்த வீடுகளுக்கு அது கட்டணமில்லா மாற்று வழியானது. நம் துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியதையும், பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவியது என்பதையும் நாம் அறிவோம். எல்லா வீட்டையும் எட்டும் வழி எது என்று கேட்பதே பொது ஊடகத்தின் முதல் கேள்வி.

எண் சொல்வதும் சொல்லாததும்

ஒருமுறை இந்தப் பாடத்தின்போது ஒரு மாணவன், "யாருமே கேக்காத ரேடியோவுக்கு எதுக்கு டீச்சர் கவர்மெண்ட் காசு குடுக்கணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதிலைச் சொல்லாமல் கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்கை எழுதினேன்.

ஒரு நிலையத்தை 100 பேர் நாளுக்கு 10 நிமிடம் கேட்கிறார்கள். மற்றொன்றை 10 பேர் நாளுக்கு 2 மணி நேரம் கேட்கிறார்கள். எது பெரிய நிலையம்? முதலாவது என்று வகுப்பே கத்தியது. பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். முதலாவதற்கு 1000 நிமிடம்; இரண்டாவதற்கு 1200 நிமிடம். வகுப்பு அமைதியானது. அடுத்து, அந்த நிலையம் நின்றுவிட்டால் வேறு வழி உள்ளவர்கள் எத்தனை பேர், இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "அது கணக்குல இல்லையே டீச்சர்" என்றாள் முன் வரிசை மாணவி.

அதுதான் விடை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது ஓர் எண். எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்பது வேறோர் எண். அவர்களுக்கு மாற்று இருக்கிறதா என்பது எந்த எண்ணிலும் வராதது. தனியார் நிறுவனம் முதல் எண்ணோடு நிற்கலாம். பொது நிறுவனம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஐந்து பேர் மட்டுமே படிக்கும் மலைக்கிராமத்திலும் அரசுப் பள்ளி இருக்கிறதே, அதே நியாயம்தான் இதுவும்.

அப்படியானால் பழைய நேயருக்குச் செய்ய வேண்டியது என்ன?

பழையது எதையும் மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறாத நிலையம் தன் கடைசி நேயரோடு சேர்ந்து முடிந்துபோகும். புதிய தலைமுறையைத் தேடிப் போவதும் பொது ஊடகத்தின் கடமையே. ஆனால் மாற்றும்போது நான்கு கடமைகள் உண்டு என்று இந்த மூன்று நிகழ்வுகளும் சொல்கின்றன.

1. முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டும். முடிவெடுத்துவிட்டு அறிவிப்பது கேட்பது ஆகாது.
2. காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்றே சொல்லலாம், நேயர் புரிந்துகொள்வார்.
3. புதிய கதவு பழைய நேயரின் கைக்கு எட்டும் வரை பழைய கதவை மூடக்கூடாது.
4. முடிவு தவறென்று தெரிந்தால் திரும்பி வர வழி இருக்க வேண்டும். 1957இல் விவித் பாரதி அப்படி வந்த வழிதான். சீக்கிரம் வந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.

நன்மையா, மகிழ்ச்சியா என்ற குழப்பம் வகுப்பறையில் நிற்கும் நமக்கும் புதிதல்ல. பாடத்தைத் தர வேண்டும். பிள்ளை காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். பிடித்ததை மட்டுமே தந்தால் அது கற்பித்தல் இல்லை. பிடித்ததை முற்றிலும் பறித்துவிட்டால் உடல் மட்டுமே வகுப்பில் இருக்கும். மனம் வேறு அலைவரிசைக்குப் போய்விடும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

*வீட்டு நேர்காணல் (6 முதல் 8ஆம் வகுப்பு):* வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் செய்யலாம். எந்த வானொலி நிகழ்ச்சியைக் கேட்டீர்கள்? எப்போது, ஏன் நிறுத்தினீர்கள்? நிறுத்தியது நீங்களா, நிலையமா? என் வகுப்பில் இதைச் செய்தபோது பல மாணவர்கள் தங்கள் பாட்டி அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஒரு மாணவியின் தந்தை பார்வையற்றவர். இன்றும் காலைச் செய்தியை வானொலியில்தான் கேட்கிறார் என்று அவள் எழுதி வந்தாள். 'யாருமே கேட்பதில்லை' என்ற பேச்சு அந்த ஒரு தாளோடு வகுப்பில் நின்றது.

*நிர்வாகக் கூட்டம் (9, 10ஆம் வகுப்பு):* வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரிக்கலாம்: நிர்வாகம், பழைய நேயர், இளைய நேயர், வரி செலுத்துவோர். 'பணம் போதவில்லை, ஒரு சேவையை நிறுத்த வேண்டும்' என்ற சிக்கலைக் கொடுத்து ஒவ்வொரு குழுவும் 3 நிமிடம் பேசலாம். அடுத்த சுற்றில் குழுக்கள் இடம் மாற வேண்டும். பழைய நேயராக வாதாடியவர் நிர்வாகமாக மாறும்போது முடிவெடுப்பதன் கடினமும் விளங்கும்.

*கணக்கோடு இணைத்தல் (தொடக்க வகுப்புகள்):* வகுப்பில் யார் எந்த ஊடகத்தை நாளுக்கு எத்தனை நிமிடம் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி, படவிளக்கப்படம் வரையச் செய்யலாம். ஆள் எண்ணிக்கைக்கு ஒரு படம், நேரத்துக்கு ஒரு படம். இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பேசலாம்.

*கடிதம் எழுதுதல் (தமிழ்):* நேயர் கடிதம் தமிழ் வானொலி வளர்த்த ஓர் இலக்கிய வகை என்றே சொல்லலாம். அருகிலுள்ள வானொலி நிலையத்துக்கு, தமக்கு எந்த நிகழ்ச்சி வேண்டும், ஏன் வேண்டும் என்று மாணவர்கள் அஞ்சலட்டையில் எழுதட்டும். எழுதியவற்றை உண்மையிலேயே அஞ்சலில் சேர்க்க வேண்டும். அலைவரிசை பொதுச் சொத்து என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கேட்டு எழுதும் முதல் கடிதம் நம் வகுப்பறையிலிருந்து போகட்டும்.